மழைக் கேள்வி கேட்ட பிள்ளை

பேரையூர் பக்கம்,
ஆனி மாதம்

அன்புள்ள பிருந்தா டீச்சருக்கு,

நாகஜோதியோட அம்மா அன்னக்கொடி எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். டெல்லிச் சாப்பாடும் தண்ணியும் உங்களுக்கு ஒத்துக்கிட்டதான்னு எழுதுங்க. போன்லயே பேசியிருக்கலாம். நான் போன்ல பேசினா நாலு வீட்டுக்குக் கேக்கும்னு எங்க வீட்டுக்காரர் தவசி கேலி பண்ணுவாரு. இது நாலு வீட்டுக்குக் கேக்கக் கூடாத சமாச்சாரம், அதான் கடுதாசி.

நீங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின ஆராய்ச்சிப் புத்தகம் ஊருக்குள்ள கைமாறிக்கிட்டே இருக்கு. எங்க பிள்ளைக வகுப்புல ஒரு வருசம் கடைசி பெஞ்சுல உக்காந்து நீங்க எழுதினது இம்புட்டுப் பெரிய புத்தகமா வரும்னு நான் நினைக்கவே இல்லை. அதுல தென்றல்னு ஒரு பிள்ளை வருதே, அந்தப் பக்கத்தை நாகஜோதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மழைக்கு நாப்பது சதவீதம் வாய்ப்புன்னாங்க, மழை பெய்யலை, அப்ப அந்த நாப்பது தப்பான்னு அந்தப் பிள்ளை கணக்கு வகுப்புல எந்திரிச்சுக் கேக்குது. வாத்தியார் நாளைக்குச் சொல்றேங்கிறாரு. மறுநாள் வகுப்பே அதைப் பத்திப் பேசுது. டீச்சர், அந்தக் கேள்வி எங்க வீட்டுல பொறந்தது. எங்க வீட்டுக்காரர் செல்போன்ல மழை பார்த்து விதைச்சுட்டு வானத்தைத் திட்டிக்கிட்டு இருந்தப்ப, நாகஜோதி சாப்பிட்டுக்கிட்டே கேட்டா. என் காதால கேட்டேன்.

பேரை மாத்தித்தான் போடுவேன்னு நீங்க அப்பவே சொன்னீங்க, நாங்களும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டோம். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? தென்றல் எங்க பிள்ளைதான்னு இப்ப வீட்டுக்கு வீடு சொல்றாங்க. மானாவாரி ஊர்ல மழைப் பேச்சு இல்லாத வீடு எது? ராமக்காள் பேத்தி அந்த வருசம் பாதி நாள் பள்ளிக்கூடமே போகலை, அவளும் தென்றலாம்.

இதுல சின்னான் அண்ணன் கதைதான் பெருசு. அவர் மக முனீஸ்வரியும் நாகஜோதியும் ஒரே பெஞ்சு. பத்தாவது முடிஞ்சதும் அவளை மில்லு வேலைக்கு அனுப்பப் பேசி முடிச்சு, துணிமணிகூட எடுத்தாச்சு. அந்தப் பிள்ளை அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கிடந்தா. அவ மில்லுக்குக் கிளம்புற நேரத்துல அண்ணன் புத்தகத்தோட எங்க வீட்டுக்கு வந்தாரு. மககிட்டக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா, இந்தத் தென்றல் எம்மகளா இருக்குமோன்னு மெதுவாக் கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள நாகஜோதி முந்திக்கிட்டு, ஆமா மாமா, முனீஸ்தான், நான் பக்கத்துலதான் இருந்தேன்னுட்டா.

எனக்கு வந்துச்சே கோபம். அவர் தலை மறைஞ்சதும் இவளைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். அவ அசரலை. புத்தகத்துல நான் இல்லாட்டியும் நீ என்னைப் படிக்க வைப்ப, அவ இல்லாட்டி மில்லுதானேம்மான்னு கேட்டா. நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

மறுநாளே அண்ணன் மில்லுக்காரங்ககிட்ட முடியாதுன்னுட்டாரு. இப்ப ரெண்டு பேரும் பேரையூர்ல ப்ளஸ் ஒன் சேர்ந்து ஒரே பஸ்ல போறாங்க. சும்மா சொல்லக் கூடாது, முனீஸ்வரி நல்லாப் படிக்கிறாளாம். எனக்குச் சந்தோசம்தான். ஆனா அண்ணன் டீக்கடையில புத்தகத்தை விரிச்சு, எம்மக கேட்ட கேள்வின்னு வாசிச்சுக் காட்டுறப்ப மட்டும் வயிறு எரியுது. அந்தப் பக்கம் போகாம சுத்தித்தான் போறேன்.

உங்க நம்பரை அவர் வாங்கி வச்சிருக்காரு. நன்றி சொல்லக் கூப்பிடுவாரு. யார் பேரையும் வெளியில சொல்ல மாட்டேன், அது எங்க ஆராய்ச்சி விதின்னு அன்னைக்கு எங்ககிட்டச் சொன்னீங்களே, அதையே அவர்கிட்டயும் சொல்லுங்க. மேற்கொண்டு ஒரு வார்த்தை வேண்டாம் தாயி. அந்தப் பிள்ளை படிப்பு அதுல நிக்குது.

எம்மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லை. என்னைக்காவது மனசு பொறுக்காம நானே போன் போட்டு, தென்றல் எம்மகதானே டீச்சர்னு கேட்பேன். அப்பவும் நீங்க சொல்லக் கூடாது.

மீனாட்சி உங்களை ஒரு குறையும் இல்லாம வைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்னக்கொடி