தீபப் படம்தான் சாவி

நவ. 24, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை உச்சி தெரியவில்லை. ஆபீசுக்கு லீவு. கேஸ் புக் பண்ண வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும்.

நேற்று பாப்பா கலாவிடம் கேட்டாள். "அப்பா கொரலு எப்டிமா இருக்கும்?"

தொண்டை ஆபரேஷனில் என் குரல் போனபோது அவள் கைக்குழந்தை. அதற்கு முன்னால் அவளுக்காகவே பேசிப் பதிவு செய்து வைத்தேன். கதை, தாலாட்டு, கொஞ்சம் திட்டு. பாதியில் அழுதிருக்கிறேன். வேறு யாரும் கேட்டுவிடக் கூடாதென்று கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பூட்டினேன். பாஸ்வேர்டு என்றால் மறந்துவிடுமாம். அதனால் தீபத்தன்று மலை ஜோதியை நான் எடுத்த படத்தையே சாவியாக வைத்தேன்; அந்தப் படத்தைக் கொடுத்தால்தான் திறக்கும். பெரிய புத்திசாலி. பூட்டாத பதிவை அழித்தும் விட்டேன்.

படம் எடுத்த போன் எக்ஸ்சேஞ்சில் போயிற்று. போகட்டும், சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேனே. மச்சானிடம் வாங்கிப் போட்டேன். 'பேட் டிகிரிப்ட்' என்றது திரை, சாவி சேரவில்லையாம். திறக்கவில்லை. மறுபடி. அதே.

நவ. 25

புரிந்துவிட்டது. போனில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது. கண்ணுக்கு அதே மலை, அதே ஜோதி. கம்ப்யூட்டருக்கு வேறு படம். ஒரு புள்ளி மாறினாலும் போச்சு.

கலா: "அதுக்கு ஏங்க மூஞ்ச தூக்கி வச்சினு இருக்கீங்க? அடுத்த வாரம் தீபம். புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்."

விளக்கம் டைப் பண்ண ஆரம்பித்தேன். அழித்துவிட்டேன்.

நவ. 29, சனி

பிரேம் போட ஸ்டுடியோவுக்குப் படத்தை பென் டிரைவில் கொடுத்தோமே! அது அசல். பென் டிரைவ் தொலைந்துவிட்டது. ஆனால் ஸ்டுடியோக்காரர் வைத்திருப்பார். கடை இப்போது கீழ்பென்னாத்தூரில். பஸ்ஸில் ஜன்னலோர சீட். பல நாளைக்குப் பிறகு பசித்தது.

கேட்க வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டினேன். தேடினார். படம் இருந்தது. ஒரிஜினல்தானா என்று எழுதிக் காட்டினேன்.

"ஒரிஜினலுங்களா? இதான் சார். வானம் வெளுப்பா இருந்துச்சு, கறுப்பாக்கி, ஜோதிய கொஞ்சம் ஜாஸ்தி பண்ணி அதும்மேலயே சேவ் பண்ணிட்டேன். நல்லாத்தான வந்துக்குது?"

நன்றாகத்தான் வந்திருந்தது. தலையாட்டினேன். வீட்டில் அதையும் போட்டுப் பார்த்தேன். அதே 'பேட் டிகிரிப்ட்.'

இனி வழியில்லை. கம்ப்யூட்டரை மூடி பீரோ மேல் வைத்தாயிற்று.

டிச. 3, புதன். தீபம்

ஊர் கொள்ளாத கூட்டம். பால் கிடைக்கவில்லை. சாயங்காலம் மொட்டை மாடி. உச்சியில் ஜோதி தெரிந்ததும் தெருவே "அரோகரா!" என்று கத்தியது. என் வாய் மட்டும் அசைந்தது. எல்லார் கையிலும் போன், மலையைப் பார்த்தபடி. நான் எடுக்கவில்லை.

பாப்பா விடவில்லை. மறுபடி அதே கேள்வி. கலா தொண்டையைக் கனைத்து, குரலைத் தடியாக்கி, "ஏ பாப்பா, இங்க வாடி என் தங்கம்" என்றாள். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னொரு வாட்டிமா!"

என் குரல் அப்படி இல்லவே இல்லை. எப்படி என்று யோசித்தேன். எனக்கும் ஞாபகம் வரவில்லை.

"அப்பா, இப்டித்தான் பேசுவியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.