வலது டேங்க் ஏன் இறங்குகிறது

18 நவம்பர் 2024

மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். தொழிலாளர் லயத்து வீடு அண்ணன் பேரில் இருக்கிறது. அவன் குடும்பத்தோடு ரிங்லெட் ஊரில். ஆக, வீட்டில் நானும், முக்குளிக்கக் காற்றடைத்த இரண்டு அலுமினிய டேங்குகளும். தியோமான் தீவில் மழைக்காலம் முடிந்து மார்ச்சில்தான் முக்குளிப்புக் கடை திறக்கும். முதலாளி கரேன் தீவிலிருந்து வரும் படகிலேயே சொல்லிவிட்டாள்: "முதுகுல டேங்க் தூக்கக் கூடாதுன்னு உன் டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு விலாவுலயும் மாட்டிக்கிட்டு நேரா மிதந்து காட்டு, ஆளுங்கள கூட்டிட்டுப் போ. இல்லன்னா கவுண்டர்ல உக்காரு லா."

இத்தனை வருடம் கடலுக்குள் ஆட்களை அழைத்துப் போனவள், கவுண்டரில் உட்கார்ந்து துண்டு மடிப்பதா? முடியாது.

24 நவம்பர்

பக்கத்து ஊர் தானா ராத்தாவில் ஓர் ஓட்டல் நீச்சல் குளத்தில் இறங்கவிட்டார்கள். இந்தக் குளிரில் வேறு யார் இறங்கப்போகிறார்கள்? தனியாக இறங்கக் கூடாது என்பது எங்கள் முக்குளிப்புச் சட்டம். காவலாளி குடையோடு கரையில் உட்கார்ந்தார். டேங்கின் அடியை இடுப்புக் கொக்கியில் மாட்டி, அதன் கழுத்தை ரப்பர் கயிற்றால் என் அக்குளோடு இழுத்துக் கட்டினேன். கால் தாழ்ந்தது. எடைக்குக் கட்டும் ஈயக்கட்டியை இடுப்பிலிருந்து தோள்களுக்கு நடுவே நகர்த்தினேன். உடம்பு பலகை போல நின்றது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் வலது டேங்க் இறங்க ஆரம்பித்தது.

1 டிசம்பர்

வலது. மறுபடியும் வலது.

8 டிசம்பர்

வலது கயிற்றை இறுக்கினேன். கொக்கியை மேலே ஏற்றினேன். ஈயத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி சாய்கிறது. காவலாளியைக் கேட்டால், "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுதுமா" என்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்?

தண்ணீருக்குள் தன்னைத் தானே பார்க்க முடியாது. தர்மா இருந்திருந்தால் பக்கத்தில் வந்து தோளைத் தட்டிச் சரிசெய்திருப்பான். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடலுக்குள் அவன்தான் என் ஜோடி. இப்போது சபா மாநிலத்தில், வேறொருத்தியோடு. அவனைப் பற்றி எழுதக் கூடாதுன்னு நெனச்சேன். எழுதிட்டேன். போகட்டும்.

25 டிசம்பர்

சர்ச்சுக்குப் போய் வந்து, கேக்கை வெட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். "ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய கேக்கு?" என்றார் செல்லம் அக்கா. வழக்கமாகச் செய்கிற அளவு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தனியா இருக்கறது புடிக்கல — யார்கிட்ட சொல்றது?

9 ஜனவரி 2025

தர்மா விட்டுப்போன நீரடிக் கேமராவை இத்தனை நாள் தொடவில்லை. வீம்பு. இன்று அதைச் செங்கல்லில் கட்டிக் குளத்தின் அடியில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்தேன். கயிறு சரி. கொக்கி சரி. நான்தான் சரியில்லை. நொடிக்கொரு தரம் தலையை இடப்பக்கம் திருப்புகிறேன். திருப்பும்போது இடது தோள் எழும்புகிறது. வலது பக்கம் இறங்குகிறது. ஜோடி பத்திரமாக இருக்கிறானா என்று அப்படித்தான் பார்ப்போம். தர்மா எப்போதும் என் இடப்பக்கம்தான் வருவான்.

ஆளில்லாத ஓட்டல் குளத்தில் அவனைத் தேடிக்கிட்டிருக்கேன். ச்சீ.

14 ஜனவரி

பொங்கல். செல்லம் அக்கா வீட்டில் சாப்பாடு. அவர் கணவர் கந்தசாமி அண்ணன் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கொரு முனை. அவரோடு பிடித்த வங்காளதேசத்துக்காரர் ஊருக்குப் போய்விட்டாராம்.

"அவன் குள்ளம். புது ஆளு நெட்டை. நான் இன்னும் பழையவனுக்குத் தோதா கையத் தாழ்த்திக்கிட்டே நடக்கறேன். வெட்டு கோணலா விழுது. வேலைய மேய்க்கிற மண்டோர் ஏசறாரு."

"எங்கிட்ட ஒரு நாளும் தாழ்ந்து போனதில்ல இந்த மனுசன்" என்றார் செல்லம் அக்கா. சிரித்துவிட்டேன். எத்தனை நாள் ஆயிற்று!

"எப்பண்ணே சரியாவும்?"

"கை மறக்கணும் லா. அது நாம சொன்னா கேக்குமா?"

16 பிப்ரவரி

செய்த கோணங்கித்தனம் எல்லாவற்றையும் கலைத்தேன். வலது கயிறு பழைய அளவுக்கு, ஈயம் நடுவுக்கு. குளத்துச் சுவரில் ஒரு நீல டைலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் தோளைத் திருப்பாமல், தலையைத் தாழ்த்தி அக்குள் வழியே. குளிர் எலும்புக்குள் போய்விட்டது. ஆனால் சாயவில்லை.

உப்புத்தண்ணீருக்கு ஈயம் கூட்ட வேண்டும் — மறக்காதே.

11 மார்ச், தியோமான்

கரேன் பார்த்துக்கொண்டிருக்க, கடலடி மணலுக்கு ஒரு முழம் மேலே மிதந்து நின்றேன். ஒரு துளி மணல் கிளம்பவில்லை. ஒரே ஒரு முறை இடப்பக்கம் திரும்பினேன். தண்ணீர்தான் இருந்தது. மேலே வந்ததும் கரேன், "கவுண்டருக்கு வேற ஆளு தேடணும் போல லா" என்றாள்.

நாளை முதல் வேலை. இந்த வருடம் என்னோடு இறங்கப்போவது சோஃபியா, புதிதாகச் சேர்ந்தவள். மாலையில் என் கயிறுகளைக் கழுவிக் காயப்போட உதவிக்கொண்டே கேட்டாள்: "நான் உங்களுக்கு எந்தப் பக்கம் வரணும்க்கா?"

பழைய பதில் வாய் வரை வந்துவிட்டது.

"வலப்பக்கம் வா" என்றேன்.