களமேட்டுக் கயிறு

கரும்பனாறு வற்றாது பெருகுக. அதன் இருகரை வயலும் விளைக. பகைவர் நாட்டிலும் பசித்தோர்க்குச் சோறிட்ட வெண்கோட்டுப் பேரரசர் பொற்குன்றத் தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் மனைநிலம் காக்கும் அமைச்சன் பூவிலங்கன், முல்லைக்கால் நாட்டுக் கண்காணி மாவலூர் உடையான் கூத்தன் எயினனுக்கு எழுதி விடுக்கும் ஓலை. உமக்கும், உம் நாட்டார் ஒன்பதின்மருக்கும், அவர் அமர்ந்து முறைசெய்யும் மன்றத்துக்கும், ஆநிரைக்கும் நலம் உண்டாகுக.

உமது ஓலை வந்து சேர்ந்தது. மனைக்கயிற்றை மூங்கிலுக்கு மாற்றாக மனிதர் கை தாங்கினால் அந்தக் கட்டு செல்லுமோ செல்லாதோ என்று ஒற்றை வரியில் வினவியிருந்தீர். ஓலை கொணர்ந்த கோடனை இருத்தி நாம் கேளாதிருந்தால், வேலையற்றோர் சிலர் கயிறு பிடித்து விளையாடுகின்றனர் என்றே எண்ணியிருப்போம். நீர் எழுதாது விட்டதை அவன் சொன்னான். உம் கண்முன் நடந்ததை உமக்கே எழுதவேண்டி வந்ததே என்று நெஞ்சு கசக்கிறது. ஆயினும் எழுதுகிறோம்.

உம் நாட்டு வழக்கம் நாம் அறிந்ததே. மனை எழுப்ப விரும்புவோர் நிலத்தின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, கூரை இறங்கும் உயரத்தில் கயிறு சுற்றவேண்டும். ஒரு பௌர்ணமி முதல் மறு பௌர்ணமி வரை அக்கயிறு தரை தொடாது நிற்கவேண்டும். மறுப்புடையோர் கயிற்றுக்குள் வந்து நின்று, கட்டுவோர் முகம் பார்த்து மறுப்பை உரைக்கவேண்டும். ஒருவரும் உரையாவிடில் கண்காணி தம் கையால் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவோரிடம் கொடுப்பார், அக்கயிறே அனுமதி. நல்ல வழக்கம். மறைவில் முணுமுணுப்போருக்கு அதில் இடமில்லை.

தாழ்கரையில் கோரைப்பாய் முடைவோர் குடியிருப்பில் சேந்தி என்பாள் ஒருத்தி. சென்ற கார்ப்பெருக்கில் கரும்பனாறு குடில்களுக்குள் புகுந்தபோது இரு பிள்ளைகளை இரு கையில் பற்றிக்கொண்டு ஓடினாள். கரை சேர்ந்தபோது ஒரு கையில் மகள் இருந்தாள், மறுகை வெறுங்கையாயிருந்தது. அன்று குடியிருப்பில் பிள்ளையை இழந்தவள் அவள் ஒருத்தியல்லள். நீர் தணிந்ததும் அவள் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. வெள்ளம் ஏறாத நெற்களமேட்டில், மழைக்காலத்தில் தாழ்கரையார் அனைவரும் ஒதுங்க ஒரு கற்கூடம் கட்டவேண்டும் என்று முதல் மூங்கிலை நட்டாள்.

நீர் அதைக் கண்டு, கூடத்தின் நிழல் நாற்றங்காலில் விழும் என்றீர். தள்ளி நட்டாள். புதிதாக நட்டால் புதுமாதம் தொடங்கும் என்பது விதியாகையால் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். பின்னர் ஆநிரை போகும் வழி என்றீர். மீண்டும் தள்ளினாள், மீண்டும் மாதம் தொடங்கிற்று. சாண் ஏற முழம் சறுக்கிய கதையாயிற்று. மூன்றாம் முறை சொல்ல உம்மிடம் காரணம் இல்லை. மன்றத்தார் மனம் ஒப்பவில்லை என்று மட்டும் சொன்னீராம். மனம் ஒப்பாதவர் கயிற்றுக்குள் வந்து நிற்கவேண்டியதுதானே? எவரும் வரவில்லை. எப்படி வருவார்? உன் பிள்ளை எங்கள் மேட்டில் ஏறலாகாது, ஆற்றோடு போகட்டும் என்று ஒரு தாயின் முகம் பார்த்துச் சொல்ல எவருக்கு நா எழும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடார் என்பார்கள். தேவர் கொடுத்த வழக்கத்தை நீவிர் பதின்மரும் கூடித் தடுத்தீர்.

பின்பு ஒரு நாள் விடிந்து பார்த்தால், மூன்று மூங்கில் அடியோடு வெட்டுண்டு, சுற்றிலுமிருந்த வைக்கோற்போர்களில் சாய்ந்து கிடந்தன. நான்காவது பாதி வெட்டுண்டு சாய்ந்து நின்றது. கயிறு தொய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. தொட்டால் போயிற்று, மீண்டும் புதுமாதம், அதற்குள் ஐப்பசி அடைமழை. சேந்தி அதைக் கண்டு கூவிக்கொண்டு ஓடினாளாம். சாய்ந்த மூங்கிலுக்குத் தோள் கொடுத்து, கயிற்றை இரு கையாலும் பற்றி உயர்த்தி நின்றாளாம். அவள் குரல் கேட்டுத் தாழ்கரையார் ஓடிவந்து மற்ற மூலைகளைப் பிடித்தார்கள். புது மூங்கில் நடுவதற்கில்லை. ஆகவே அவர்களே மூங்கிலானார்கள். அன்று முதல் முறைவைத்து, கை மாற்றிக் கை மாற்றி, மழையில் நிற்கிறார்கள்.

கோடன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறோம்: "சாமி, நான் பாத்தத சொல்றேன். கை வெளுத்துப் போய் ஊறிக்கெடக்கு. ஒரு கெழவரு நின்ன நெலையிலயே தூங்கிட்டாரு, கை மட்டும் எறங்கல. கண்காணி ஐயா கொடையோட வந்து வெளியவே நின்னாரு, உள்ள போகல."

கை மூங்கில் ஆகாது என்று அங்கே நின்று நீர் உரைத்தீர். அதற்கு அந்தப் பெண், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கயிற்றைத் தாங்கியபடி சொன்னாளாம்: "ஐயா, எடத்த மாத்துன்னீங்க, மாத்துனேன். மறுபடி மாத்துன்னீங்க, மறுபடியும் மாத்துனேன். தண்ணி எங்கள கேட்டுக்கிட்டா வருது? மறுப்பு இருந்தா உள்ள வந்து எம் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. இல்லன்னா நவுந்துக்கங்க, கொடைத்தண்ணி எம் புள்ள மேல வடியுது."

கயிற்றை அறுக்க நீர் துணியவில்லை. எமக்கு ஓலை எழுதினீர். அந்த ஓர் அச்சமாவது உம்மிடம் மிஞ்சியிருந்தது. அதனால்தான் உமது பதவி இன்று உம்மிடம் இருக்கிறது.

இனி விடை. மூங்கில் என்று முன்னோர் ஏன் எழுதினர் என்று மூலச் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். கயிறு தரை தொடலாகாது என்பதே விதி. மூங்கில் என்பது வசதி. ஒரு கூடத்துக்காக மனிதர் நாள்கணக்கில் கையுயர்த்தி நிற்பார் என்று முன்னோர்க்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் எழுதியிருப்பார். ஆகவே கை தாங்கிய கயிறு செல்லும். மூங்கிலினும் மேலாகச் செல்லும்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மேலணையிலிருந்து தூதன் வந்தான். ஏரிகள் நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டுவிட்டன. கரும்பனாற்றில் பெருக்கு பௌர்ணமிக்கு முன்பே உம் நாட்டை எட்டும். எழுத்தாணியை மாற்றிப் பிடித்து எழுதுகிறோம்.

இவ்வோலை கண்ட அளவில் மேட்டின் மேல் உள்ள நாட்டார் மன்றத்தைத் திறந்து, தாழ்கரையார் அனைவரையும், பாயும் பானையும் ஆடும் கோழியும் உட்பட, அங்கே குடியேற்றுக. கூடம் எழும் நாள்வரை மன்றம் அவர்களுடையது. கல்லும் மரமும் தேவர் பண்டாரத்திலிருந்து வரும். மூங்கிலை வெட்டியவன் யார் என்று நாம் தேடப்போவதில்லை. தேடினால் நெடுந்தொலைவு போகவேண்டியிராது என்பதை நீர் அறிவீர்.

ஆயினும் விதி விதியே. பௌர்ணமிக்கு முன் கயிறு தரை தொட்டால் அனுமதி இல்லை. அதை நாமும் தளர்த்தமாட்டோம், தேவரும் தளர்த்தமாட்டார். தாழ்கரையார் மன்றத்தில் உலர்ந்த தரையில் உறங்கட்டும். எஞ்சிய நாள்களில் அக்கயிற்றைக் கண்காணியாகிய நீரும் நாட்டார் ஒன்பதின்மரும் நான்கு மூலையிலும் முறைவைத்துத் தாங்குக. சேந்தி நின்ற மூலையில் நீர் நிற்க. குடை பிடிக்க ஆள் வைத்தல் ஆகாது. பௌர்ணமி நிலவு எழுந்தபின் உம் கையால் கயிற்றை அவள் கையில் கொடுத்து எமக்கு எழுதுக. அது தவறின், அடுத்து வருவது ஓலையன்று, உமது இடத்துக்கு வேறொருவர்.

தேவர் ஆணைப்படி எழுதி, இலச்சினை இட்டு, கோடன் கையிலேயே விடுத்தோம். கயிறு இறங்காதிருப்பதை அருகிருந்து காண அவனுக்கே அதிகாரம் அளித்திருக்கிறோம். கை வலிக்கிறது என்று மட்டும் எமக்கு எழுதவேண்டா.