உன் படத்தில் செத்தவள் எழுதுவது

இயக்குநர் தம்பி அவர்களுக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். நான் நலம் என்று எழுதினால் நீ புருவத்தைத் தூக்குவாய் என்று தெரியும். தூக்கிக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் இரண்டு வார்த்தை பேசினால் போதும், உனக்கு வகுப்பு வந்துவிடுகிறது, எடிட்டிங் வந்துவிடுகிறது, சிக்னல் போய்விடுகிறது. வீட்டில் வாய் திறக்கவும் வழியில்லை. அம்மா இப்போதெல்லாம் காதை என் பின்னாலேயே அனுப்பி வைக்கிறாள். அதனால் மதியம் ஆள் வராத நேரமாகப் பார்த்து, கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. அது குறியீடு இல்லை, லென்ஸ் தூள்.

உன் படத்தைப் பார்த்தேன். ‘அலறும் சுவர்’. பெயரைக் கேட்டாலே ஆள் ஓடிவிடும். ஆனால் சுவர் எங்கேயப்பா அலறியது? என் அறைச் சுவரில் கரித்துண்டால் கண்டபடி கிறுக்கிவிட்டுப் போனீர்களே, அதைச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகத் தேய்க்கும்போது நான்தான் அலறினேன். இன்னும் சாம்பல் நிறம் போகவில்லை. ‘காப்பாற்று’ என்று எழுதிய இடத்தில் ‘காப்’ மட்டும் தேய்ந்திருக்கிறது. மிச்சத்தை அலமாரியைத் தள்ளிப் போட்டு மறைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பட்டாளம் வந்து இறங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விருந்தாளிகள் வருகிறார்களே என்று அறையைப் பெருக்கி, மெத்தை உறையை மாற்றி, ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். உன் கலை இயக்குநர் பெண் உள்ளே வந்தாள், சுற்றிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். “அக்கா, ரூம் ரொம்ப நார்மலா இருக்கே” என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது, அதையும் குறையாகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் துணிமணி தரையில், நாற்காலி தலைகீழாக, ஜன்னல் திரையில் ஒரு கிழிசல். என் முகம் பார்க்கும் கண்ணாடியிலும் ஒரு விரிசல் வேண்டுமாம். மனசு சரியில்லாதவர்கள் வீட்டில் கண்ணாடிகள் தாமாகவே விரிசல் விடும் என்று உங்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள் போலிருக்கிறது.

என்னை எப்படி அறிமுகப்படுத்தினாய்? “எங்க அக்கா, கண்ணாடிக் கடையில வேலை பாக்குறாங்க.” அதோடு நிறுத்திக்கொண்டாய். கதை எப்படிக் கிடைத்தது என்று கேமராக்காரத் தாடி கேட்டதற்கு, “நிறைய ரிசர்ச் பண்ணேன்டா” என்றாய். நான் டீ டம்ளர்களோடு கதவருகே நின்றுகொண்டிருந்தேன். உன் ரிசர்ச்சே நேரில் வந்து எல்லாருக்கும் டீ கொடுத்தது. ஒருவனுக்கும் தெரியவில்லை. சர்க்கரை குறைவு என்று மட்டும் ஒருவன் சொன்னான்.

அப்புறம் நீங்கள் எல்லாரும் சேர்ந்து நோய் என்பது எப்படி இருக்கும் என்று எனக்கு விளக்கினீர்கள். தலையைப் பிடித்துக்கொண்டு கத்துவார்களாம். தனக்குத்தானே சிரிப்பார்களாம். நான் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஒருத்தி கத்தவில்லை, குளிக்கலாம் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவாள், மதியம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பாள், எழுந்து போவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்ய முடியாது என்றேன். தாடி ரொம்ப மரியாதையாக, “ஆனா அக்கா, இதுல ஒண்ணுமே நடக்கலையே” என்றான். ஆமாம் தம்பி, ஒன்றுமே நடக்காது. அதுதான் அந்த நோய். மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. அதை எடுக்கத் துணிச்சல் வேண்டும். உங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு பாட்டில் கிளிசரினும் ஒரு டேபிள் ஃபேனும்தான்.

நான் சொல்லும்போது நீ உன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். நடிக்க வந்த பெண் மட்டும் என்னைப் பார்த்தாள். “அவங்க இப்ப எப்படி இருக்காங்க அக்கா?” என்று கேட்டாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள் என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் எழுந்து, தரையில் கிடந்த என் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். உன் கலை இயக்குநர் ஓடிவந்து, “ஐயோ, கன்டினியூட்டி போயிடும், துணி கிடந்த மாதிரியே கிடக்கணும்!” என்று கத்தினாள். அந்தக் கூட்டத்திலேயே அறிவோடு ஒரு காரியம் செய்தவளை அப்படித்தான் அடக்கினீர்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். நீ அதை மறந்திருப்பாய்.

கிழமைவாரியாக அறை பிரித்த என் மாத்திரை டப்பா அலமாரி மேல் இருந்தது. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கலை இயக்குநர் அதைக் கண்டெடுத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். நடிப்பவள் ஒவ்வொரு டேக்கிலும் வாயில் போட வேண்டுமே என்று உள்ளே இருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, வெள்ளை மிட்டாய்களை நிரப்பியிருக்கிறாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அது யாருடையது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? படப்பிடிப்பு முடிந்ததும் டப்பாவை எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் எடுத்து வாயில் போட்டால் ஜில்லென்று இனிக்கிறது. ஒரு கணம் எனக்குத்தான் மறுபடியும் ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன். நாக்கை நம்புவதா டப்பாவை நம்புவதா என்று தெரியவில்லை. அந்த ஒரு கணம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் நீ படமாக எடுத்திருக்க வேண்டும்.

பிறகு நானும் அம்மாவும் டீத்தூளுக்கும் காய்த்தோலுக்கும் நடுவில் மாத்திரை பொறுக்கினோம். பாதி கரைந்திருந்தது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார்கள். அரைநாள் லீவு போட்டு டாக்டரிடம் போனேன். மாத்திரை எல்லாம் எங்கே என்று கேட்டார். சினிமாவில் நடிக்கப் போய்விட்டது என்றேன். அவர் பார்த்த பார்வையில் டோஸைக் கூட்டிவிடுவாரோ என்று நடுங்கிவிட்டேன்.

உன்னைக் கேட்டதற்கு என்ன சொன்னாய்? “கவனிக்கலக்கா.” ஃபிரேமுக்குள் ஒரு ஈ பறந்தால் கட் சொல்லுகிறவன் நீ. உன் அக்காவின் மாத்திரை குப்பைக்குப் போவதைக் கவனிக்கவில்லை. கவனித்தாய். அது அக்காவுடையது என்று சொன்னால், அக்கா யார் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு உனக்கு வாய் வரவில்லை. மனநோயாளிகளைப் பார்த்து வெட்கப்படாதீர்கள் என்று படத்தில் ஒரு பாத்திரம் முழங்குகிறதே, அந்த வசனத்தை எழுதியவன் நீதானே?

இதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள். சுவர், கண்ணாடி, மிட்டாய், எல்லாவற்றையும். நான் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உன் முடிவுக்காக.

கதாநாயகி மாடிப்படி ஏறுகிறாள். நம் வீட்டு மாடிப்படி. டேபிள் ஃபேன் காற்றில் தலைமுடி பறக்கிறது. திரை இருட்டாகிறது. என் செருப்பு தனியாகக் கிடக்கிறது. அப்புறம் எழுத்துகள் வருகின்றன: அன்பு காட்டுவோம். அவளைக் கொன்றுவிட்டு யாரிடம் அன்பு காட்டச் சொல்லுகிறாய்? உங்கள் பேராசிரியர் “முடிவு அடிச்சுப் போட்டுருச்சு” என்று பாராட்டினார் என்று குடும்பக் குரூப்பில் பெருமையாகப் போட்டிருந்தாய். அடித்துப் போட்டது என்னை. கதையை எப்படி முடிப்பது என்று தெரியாத சோம்பேறி எழுத்தாளன், யாரையாவது மாடிக்கு அனுப்பிவிடுகிறான். நான் துணி காயப்போடத் தவிர வேறு எதற்கு அந்த மாடிக்குப் போயிருக்கிறேன், சொல்.

அம்மா படத்தைச் சமையலறையில் பார்த்தாள், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு போய் மாடிக் கதவைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அதைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதும் கழுத்தில்தான் கிடக்கிறது.

நான் கத்தினேன். கத்தியது தப்பாகப் போயிற்று. கத்தியதும் அவள் முகம் இன்னும் வெளிறிவிட்டது, உன் படத்தில் கத்துகிறார்களே. அப்புறம் மெதுவாக, “அவன்கிட்ட ஏதாவது சொன்னியாம்மா? எங்கிட்ட சொல்லாதத அவன்கிட்ட சொன்னியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அவன் சும்மா எடுப்பானா? படிச்சவன், உன் தம்பி. அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு” என்கிறாள். நான் வேளை தவறாமல் மாத்திரை போட்டு, வேலைக்குப் போய், தூங்கி, சாப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய பயத்தை இறக்கி வைத்திருந்தேன். நீ ஒரு படத்தைப் போட்டு அதை மறுபடி அவள் தலையில் ஏற்றிவிட்டாய். என் பேச்சு எடுபடவில்லை. அவள் உன் படத்தைத்தான் நம்புகிறாள். வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம். எல்லாத் துணியும் ஈர நாற்றம் அடிக்கிறது. நேற்று கடையில் முதலாளி மூக்கைச் சுளித்தார்.

அடுத்த வாரம் அரங்கத்தில் திரையிடுகிறார்களாம், நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம். எதற்கு? நான் சாகும்போது எல்லாரும் கைதட்டுவதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கா? வர மாட்டோம். இந்த முடிவோடு என்றால் வரவே மாட்டோம்.

உன்னிடம் வேறு முடிவு இருக்கிறது. கடைசி நாள், நடித்த பெண் முகத்தைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். கதவு மூடியே இருந்தது. அம்மாவுக்கு உள்ளே யார் என்ற யோசனையெல்லாம் இல்லை. பழக்கம். துடைத்த கையோடு வந்து, கதவில் விரலால் மெதுவாகத் தட்டி, “உள்ள இருக்கியாம்மா?” என்று கேட்டாள். எத்தனை வருடமாக என்னைக் கேட்கிற கேள்வி அது. அந்தப் பெண், யாரை நினைத்து அம்மா கேட்கிறாள் என்று புரிந்துகொண்டு, “இருக்கேன்மா” என்று பதில் சொன்னாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தாடி கேமராவை அணைக்கவில்லை, சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். அதை ஏன் வெட்டினாய் என்று அவள் கேட்டதற்கு, “அம்மா கேமராவ மறைச்சு நின்னுட்டாங்க, முதுகு மட்டும்தான் தெரியுது” என்றாயாம், அந்தப் பெண் போன் செய்து சொன்னாள். மடையா. அந்த முதுகுதான்டா உன் படம்.

சும்மா திட்டிக்கொண்டே முடிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வருடம் நீ பள்ளி விடுதியில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவிடம் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க மாட்டாய். “அக்கா இருக்காளா?” என்றுதான் கேட்பாய். நான் பக்கத்திலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “இருக்கா” என்று அம்மா சொல்லுவாள். உடனே வைத்துவிடுவாய். என்னிடம் கொடுக்கச் சொல்லி ஒரு தடவையும் கேட்டதில்லை. இவ்வளவு நாள் கழித்து, கேட்காமலே நீயாக ஒரு பதிலை எழுதிப் படமும் எடுத்துவிட்டாய்.

திரையிடலுக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வா. பட்டாளம் வேண்டாம், கேமரா வேண்டாம். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அந்த முடிவு என் கற்பனைம்மா, அக்கா எதுவும் சொல்லவில்லை என்று உன் வாயால் சொல். சாவியை அவளே கழற்றித் தருவாள். நாம் மூன்று பேரும் மேலே போய்ப் போர்வைகளைக் காயப்போடலாம், நல்ல வெயில் அடிக்கிறது.

நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. நல்ல படங்கள் எடுப்பாய், அதற்கான கண் உனக்கு இருக்கிறது, உபயோகித்தால். இனிமேல் போன் செய்யும்போது அந்தப் பழைய கேள்வியை அம்மாவிடம் கேட்காதே. என்னிடம் கேள். நானே பதில் சொல்லுகிறேன்.

உன்
அக்கா