பாஞ்சாலி கிழித்துக் கொடுத்த சேலை

1945 ஆகஸ்டு 12, திண்டிவனம்

இந்தப் பிரசவத்துக்கு விழுப்புரம் போகக் கூடாதென்று மாமியார் சொல்லிவிட்டார். முதல் இரண்டும் அங்கே, அம்மா வீட்டில்தானே பிறந்து, தங்காமல் போயின. ஒன்று பெயர் வைக்கும் முன்பே, ஒன்று தவழும் முன்பே. இன்று அம்மா ரயிலேறி வந்து அழுதுவிட்டுப் போனாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

ஆகஸ்டு 20

பிச்சைத் துணி வாங்க வேண்டுமாம். பெற்றதெல்லாம் தங்கிய ஒருத்தியிடம் போய், அவள் உடுத்திப் பழசான சேலையைக் கேட்டு வாங்கி, பிறக்கும் பிள்ளைக்கு அதில்தான் சட்டை தைக்க வேண்டும். பதிலுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது பிச்சை இல்லையாம். எட்டாவது வரை படித்தவள் நான், சிரிப்பு வந்தது. அந்த இரண்டு குழியும் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

செப்டம்பர் 2

எங்கள் கடலை மண்டிக்கு மல்லாட்டை உடைக்க வரும் பாஞ்சாலிக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் ஓடி விளையாடுகின்றன. அவள் வாசலில் போய் முந்தானையை ஏந்தி நின்றேன்.

“இன்னாம்மா இது! நீங்க போயி எங்கிட்ட...” என்று பதறினாள். பிறகு புரிந்துகொண்டாள்.

துணிக்குக் கண்ட்ரோல், கார்டுக்கு அளந்துதான் கிடைக்கிறது. அவளுக்கு இருப்பதே இரண்டு சேலை. அரக்குச் சேலையைப் பாதியாகக் கிழித்து என் முந்தானையில் போட்டாள். “நல்லா இருக்கும்மா உங்க புள்ள. அழாதீங்க.”

ஒரு படி கேப்பைகூடக் கொடுக்க முடியாமல் திரும்பி வந்தேன். பாதிச் சேலையை எப்படிக் கட்டுவாள்?

அக்டோபர் 19

ஆண். நன்றாக வீறிட்டு அழுகிறான்.

நவம்பர் 4

பிச்சை என்றே பெயர். சட்டைகள் தைத்துவிட்டேன். தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி வைத்தேன், பிள்ளை உடம்பில் உறுத்தாமல். பித்தான் இல்லை, நாடாதான். துவைத்துத் துவைத்து அந்தத் துணி எவ்வளவு மிருதுவாகிவிட்டது!

டிசம்பர் 9

பாஞ்சாலி கொல்லைப் பக்கம் வந்தாள். அவளுடைய கடைக்குட்டி சின்னக்கண்ணுக்கு ஜுரம். கண் திறக்கவில்லை.

“ஒரே ஒரு சட்டை குடுங்கம்மா. அதும் மேல போத்திட்டு, ஜொரம் எறங்கனதும் கொண்ணாந்து குடுத்துடறேன். துணியோட எம் புள்ளைங்க ஆயுசும் போயிடிச்சின்னு சொல்லிக்கினு இருக்காங்க.”

மாமியார், “குடுத்தது குடுத்ததுதான். திருப்பிக் குடுத்தா எம் பேரன் தங்க மாட்டான்,” என்றார்.

நான் உள்ளே இருந்தேன். பிச்சை என் மடியில், அந்தச் சட்டையோடு.

டிசம்பர் 10

“துணியில இன்னா இருக்குது? பைத்தியமா நீங்க?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“அப்போ கொண்டுபோய்க் குடுங்களேன்,” என்றேன்.

அவர் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன் — மூக்கு ஒழுகிக்கொண்டு, மல்லாட்டைத் தோலை வாயில் போட்டுக்கொண்டு திரியும். கொடுத்தால் இவனுக்கு ஏதாவது ஆகிவிடுமா? கொடுக்காவிட்டால் அதுக்கு ஆயிடுமா? ஐயோ, எனக்கு ஏன் இப்படி?

டிசம்பர் 11

மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, சட்டையை மடியில் செருகிக்கொண்டு ஓடினேன். தெருமுனையிலேயே பாஞ்சாலி வீட்டு ஒப்பாரி கேட்டது.

உள்ளே போகவில்லை. சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

டிசம்பர் 14

இன்று அதே சட்டையைப் பிச்சைக்குப் போட்டேன். வேறு சட்டை இல்லாமல் இல்லை.

1946 பிப்ரவரி 3

பாஞ்சாலி மறுபடி வேலைக்கு வந்திருக்கிறாள். பிச்சை குப்புற விழுந்து தலை தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சிரித்தான். அவள் குனிந்து அள்ளி எடுத்தாள், கன்னத்தோடு கன்னம் வைத்தாள்.

என் கை தானாகவே நீண்டுவிட்டது. கொஞ்சுவதற்கு அல்ல, பிடுங்கிக்கொள்வதற்கு. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

பிள்ளையை என் கையில் வைத்தாள். “பயப்படாதீங்கம்மா.”

பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு போய், அவன் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை திரும்பாமலே மல்லாட்டை உடைத்தாள்.