மூன்றாம் நம்பர் காட்டுக் கீரை

கீழ் கோத்தகிரி,
10.5.2001, வியாழன், மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

கலைமதி எழுதுவது. சங்கிலி அண்ணன் மூன்று மணி பஸ்ஸில் திருப்பூர் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பனியன் கம்பெனிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வேலை நேரத்தில் ஆளைக் கூப்பிட முடியாது என்று வைத்துவிட்டார்கள். வைத்தவன் நாசமாகப் போகட்டும். நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

பங்களாச் சமையலைப் பற்றிப் போன கடிதத்திலேயே சொல்லியிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து யோகா முகாமுக்கு வந்திருக்கும் முப்பது பேருக்குப் பத்து நாள் சாப்பாடு. நானும் மருதாம்பாள் அக்காவும் செய்கிறோம். மருந்து அடிக்காத காய்தான் வேண்டும், அதுவும் இந்தச் சித்திரையில் இங்கே விளைவதாக இருக்க வேண்டும் என்பது பேச்சு. நம் தோட்டத்துப் பட்டாணி, அவரை, பீட்ரூட், அங்கம்மா வீட்டு பிளம்ஸ் என்று நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது. மருந்து பட்ட ஒரு இலைகூட உங்கள் தட்டுக்கு வராது என்று நானே வாக்குக் கொடுத்தேன். அவர்கள் புகழப் புகழ எனக்குத் தலைக்கனமும் ஏறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கீரை கேட்டார்கள். நம் தோட்டத்தில் எல்லாம் முற்றிப் பூத்துவிட்டது. அதனால் எஸ்டேட்டின் மூன்றாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குப் போனேன். தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடி எட்டு மாதமாகிறது. கவாத்தும் இல்லை, மருந்தும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே சுக்குட்டிக் கீரை இடுப்பளவு நிற்கிறது. கொழுந்து எடுத்த காலத்திலேயே அதை மடியில் கிள்ளி வந்தவர்கள்தானே நாம். பொங்கலுக்கு வந்தபோது நீங்களே, இனிமேல் அந்தக் காட்டுக் கீரைதான் சுத்தம், மருந்தடிக்கத்தான் நான் அங்கே இல்லையே என்று சிரித்தீர்கள். உங்கள் மேல் பழி போடவில்லை. எழுதிப் பார்த்தால் போடுவது போலத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மதியம் கீரைக் கூட்டு வைத்தேன். முப்பது பேரும் சாப்பிட்டார்கள். ராஜப்ரியா என்று ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள், வந்த நாள் முதல் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் கிடந்தவள். அவள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “ஏனுங்க அக்கா, இன்னைக்குத்தானுங்க வயிறு நெறஞ்சு சாப்புட்டிருக்கேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நம் பிள்ளை மனிஷாவுக்குச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். எனக்கு ஒரு வாய்கூட வைக்காமல் தின்று தீர்த்தாள்.

இன்று காலை பங்களாவில் இட்லி வைத்துவிட்டு வரும் வழியில் வாட்ச்மேன் இசக்கி என்னைப் பிடித்து நிறுத்தினார். “மூணாம் நம்பர் காட்டுப் பக்கம் போயிராத புள்ள, எஸ்டேட்ட வெலைக்கு வாங்க ஆளுங்க பார்க்க வர்றாங்கன்னு ஞாயித்துக்கெழம களை மருந்து அடிச்சிருக்கு” என்றார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். மேல்பாதியில் புல்லெல்லாம் மஞ்சளடித்துச் சாய்கிறது. ஓடைப் பக்கம் கீழ்ப்பாதி பச்சையாகவே இருக்கிறது. நான் ஓடையோரம் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே பறித்தேன். எதுவரை ஏறினேன் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை மாமா. மூன்று தண்ணீரில் கழுவினேன். கழுவினால் அது போகுமா? வேக வைத்தால் போகுமா? ஒன்பது வருடம் முதுகில் மருந்து டின் சுமந்தவர் நீங்கள், உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்? மருந்தடித்த நாளில் குளிக்காமல் மனிஷாவைத் தொடக்கூட மாட்டீர்கள். அந்தப் பிள்ளைக்கு நான் என் கையாலேயே பிசைந்து கொடுத்திருக்கிறேன்.

காலை இட்லிக்கு எல்லாரும் வந்தார்கள், ராஜப்ரியா மட்டும் வரவில்லை. அசதி என்றார்கள். மனிஷா எழுந்ததிலிருந்து வயிறு வலிக்கிறது என்கிறாள். பிளம்ஸைக் காயாகத் தின்றிருப்பாள் என்கிறார் மருதாம்பாள் அக்கா. அவருக்கு விஷயம் இன்னும் தெரியாது.

உங்களிடம் மறைக்க மாட்டேன். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்னால் இந்தச் சமையல் போகும். இந்த மலையில் அப்புறம் ஒருவரும் என் கையால் வாங்கித் தின்ன மாட்டார்கள். வைகாசிக்குப் பிறகு நீங்கள் இங்கேயே வந்துவிடலாம் என்று பேசினோமே, அதுவும் போகும். பங்களாவில் போய்ச் சொல்வதைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கடிதத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

இசக்கியிடம் காலி மருந்து டின்னைக் கேட்டு வாங்கிவிட்டேன். இதைச் சங்கிலி அண்ணனிடம் கொடுத்ததும் டின்னை எடுத்துக்கொண்டு, மனிஷாவையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போகிறேன். முகாமில் ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார். ராஜப்ரியாவை முதலில் பாருங்கள் என்று நான் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.

லீவு கேட்டுக்கொண்டு நிற்காமல் புறப்பட்டு வாருங்கள். வழியில் எந்தக் கோயிலைக் கண்டாலும் அந்தப் பெண்ணுக்காகவும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகவும் கும்பிட்டுக்கொண்டு வாருங்கள். எனக்கு நம் பிள்ளைக்காக மட்டும்தான் வேண்ட வருகிறது.

பயத்தோடு காத்திருக்கும்,
கலைமதி