கன்னிமூலைக் குழி

அத்தான்,

இன்று காலை அக்கா வீட்டுப் பின்பக்கம் போனபோது புது மண் வாடை அடித்தது. உங்கள் பேரன் கார் நிறுத்த ஷெட் போடுகிறானாம். குழி வெட்ட ஆரம்பித்த இடம், அறுபது வருடத்துக்கு முன் நீங்கள் தொழுவத்துக்குக் குறித்த அதே இடம். பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா அதை வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

நம் ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. சாரலில் ஓலைக் கொட்டில் சரிந்து கன்றுக்குட்டி செத்ததிலிருந்து உங்களுக்கு ஒரே வெறி. "நூறு வருசம் நிக்கணும் மாப்பிள" என்று சொல்லிக்கொண்டே தரையில் கரியால் படம் போட்டீர்கள். வைரம் பாய்ந்த பனையில் எட்டுத் தூண், அயினி மரத்தில் உத்திரம், மேலே ஓடு. "எருமைக்கு ஓட்டு வீடா? அடுத்து கட்டிலும் மெத்தையுமாவே?" என்று பக்கத்து வயல்காரர் கேலி பண்ணினார். "ஒமக்கும் ஒரு மூலை ஒழிச்சு வச்சிருக்கேன், வாரும்" என்றீர்கள். மார்த்தாண்டத்துத் துணிக்கடையில் ஒரு வாரம் லீவு கேட்டு, உங்களுக்கு ஒத்தாசையாக நான் வந்திருந்தேன்.

ஆனி மாதக் கடைசி. மறுநாள் முகூர்த்தம். விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் கால் நாட்டமாட்டார்கள். முதல் தூணுக்குத் தென்மேற்கில், கன்னிமூலையில், நான்தான் குழி வெட்டினேன். இரண்டு முழம் வரை நல்ல செம்மண். அதற்குக் கீழே மண்வெட்டி கரகரத்தது. மணலும் வழவழப்பான கூழாங்கற்களும். பக்கத்துக் குளம் நிறைந்து வழிகிற தண்ணீர் ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. பெருமழை வந்தால் மறுபடியும் அங்கேதான் வரும்.

கிணற்றடியிலிருந்து நீங்கள் கேட்டீர்கள்: "மண்ணு எப்பிடி மாப்பிள?"

"நல்ல மண்ணு அத்தான். இறுகிப்போய்க் கெடக்கு."

உண்மையைச் சொன்னால் இடம் மாற்ற வேண்டும், முகூர்த்தம் தவறும், ஆவணியில் மறுபடியும் லீவுக்கு முதலாளி முன்னால் நிற்க வேண்டும். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அக்கா குழியில் பால் விட்டாள். விட்ட மாத்திரத்தில் பால் காணாமல் போயிற்று. "பூமாதேவி ஒரே மடக்குல குடிச்சிட்டா, நல்ல சகுனம்" என்று கூடியிருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். குடித்தது அடியில் கிடந்த மணல் என்று எனக்கு மட்டும் தெரியும். தூண் இறங்கிவிட்டது. நாட்டின காலைப் பிடுங்குவது குடிக்கு ஆகாது என்பதால், இனி வாய் திறந்து பிரயோசனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மார்த்தாண்டத்தில் வானம் இருட்டும்போதெல்லாம் துணி கிழிக்கிற என் கை நின்றுவிடும். ஒரு தடவை வந்தபோது கன்னிமூலைத் தூண் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. "காத்துக்கு அசஞ்சிருக்கும்" என்று கல்லை வைத்து முட்டுக்கொடுத்தீர்கள். அந்தக் கல்லை எடுத்துத் தந்தவனும் நான்தான்.

மூன்றாம் வருட ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கடைசி நாள் மத்தியானம் குளக்கரை உடைந்தது. எருமைகளை அவிழ்த்துவிட நீங்கள் தொழுவத்துக்குள் போனீர்கள். போகாதீர்கள் என்று கத்திய அக்காவிடம், "இது நிக்கும் ஏட்டி, நீ பிள்ளையப் பாரு" என்றீர்களாம். தூண் ஒன்றுகூட ஒடியவில்லை. அடியில் மணல் அரித்துப் போக, அத்தனை பாரமும் அப்படியே உங்கள் மேல் சாய்ந்தது.

இன்று அக்கா பேரனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒங்க தாத்தாவும் பெலமாத்தான் கெட்டினாவ மக்கா. கால் நாட்டுகதுக்கு முந்தின நாள் அவியளுக்கு ஒரே சந்தேகம். 'ஒந் தம்பி மொகம் சரியில்ல, நானே குழியில எறங்கிப் பாக்கட்டா'ன்னு எங்கிட்ட கேட்டாவ. 'எந் தம்பி பொய் சொல்லமாட்டான், பேசாம இரிங்க'ன்னு நாந்தான் கையப் பிடிச்சு நிறுத்துனேன்."

இது எனக்கு இத்தனை காலம் தெரியாது, அத்தான். "இங்க வேண்டாம் மக்கா. அடியில மணலு" என்று பேரனிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா திரும்பினாள். "அடியில மணலா? ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

உண்மையைச் சொன்னால், அன்று தான் உங்களைத் தடுத்ததுதான் உங்கள் உயிரை வாங்கியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த வயதில் அதை அவள் எப்படித் தாங்குவாள்? "இப்பம் குழியில பாத்தேன்" என்றேன். என் பொய் ஒன்றைத்தான் இத்தனை வருடமும் சுமந்தேன். இனி அவள் என்மேல் வைத்த நம்பிக்கையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

குழி இன்னும் ஒரு சாண்கூட இறங்கியிருக்கவில்லை. அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.